விசிலுக்கு முந்தைய சில நொடிகள்: பெர் மெர்ட்டசாக்கர், ஒரு நிகழ்வு ஆய்வு

பெர் மெர்ட்டசாக்கரைப் பற்றிக் கால்பந்து பார்க்கிற யாரிடம் கேட்டாலும் முதலில் உயரத்தைச் சொல்வார்கள், 198 செ.மீ. அடுத்த வரியில் அவருக்கு ஓட்டம் கிடையாது என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், 2014 உலகக் கோப்பையை வென்ற ஜெர்மனி அணியில் இருந்தவர், நாட்டுக்காக 104 ஆட்டம் ஆடிய சென்டர் பேக், அதாவது தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவர் என்று சேர்த்துக்கொள்வார்கள். நானும் பல வருடம் அவரை அப்படித்தான் நினைத்து வைத்திருந்தேன். அப்புறம் 2018 மார்ச்சில் டேர் ஷ்பீகல் என்ற ஜெர்மன் பத்திரிகைக்கு அவர் கொடுத்த நீண்ட பேட்டி வெளிவந்தது, அதற்குப் பிறகு அவருடைய பழைய ஆட்டங்களைப் பழைய மாதிரி பார்க்க என்னால் முடியவில்லை.

அந்தப் பேட்டியில் அவர் சொன்னது இதுதான். விசில் அடிப்பதற்கு முந்தைய சில நொடிகளில் அவருக்குக் குமட்டிக்கொண்டு வரும், கண்ணில் தண்ணீர் கட்டுகிற அளவுக்கு. கேமராவும் சக ஆட்டக்காரர்களும் பார்த்துவிடக் கூடாது என்று தலையை ஒரு பக்கமாகத் திருப்பி அதை அடக்கிக்கொள்வார். ஆட்ட நாளில் காலையிலிருந்தே வயிறு கலங்கிவிடும். எழுந்ததும் ஒருமுறை, காலை உணவுக்குப் பிறகு ஒருமுறை, மதியம் ஒருமுறை, ஸ்டேடியத்துக்குப் போனதும் இன்னொருமுறை. அதனால் சாப்பாடே ஒரு கணக்கு: கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் விட்ட பாஸ்தா, அதுவும் ஆட்டத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்னால், குமட்டல் வரும்போது வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காக. இப்படி 500 ஆட்டத்துக்கு மேல்.

இதைப் படித்த பலரும், இவ்வளவு பயந்தவர் எப்படி உலகச் சாம்பியன் ஆனார் என்று கேட்டார்கள். கேள்வியே தப்பான இடத்தில் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. என் வாதம், அவருடைய வயிற்றைக் கலக்கியதும் அவரை நல்ல டிஃபெண்டராக ஆக்கியதும் ஒரே குணம்தான் என்பது. வரப்போகும் ஆபத்தை மற்றவர்களுக்கு இரண்டு நொடி முன்னால் பார்க்கிற மனசு அவருக்கு இருந்தது, அந்த மனசுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுக்கத் தெரியவில்லை. கீழே எழுதுவதெல்லாம் இதை அவருடைய வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கிற முயற்சி.

1984 செப்டம்பரில் ஹனோவரில் பிறந்தார், வளர்ந்தது பக்கத்தில் இருக்கும் பட்டென்சன் என்ற சிறிய ஊரில். அப்பாதான் உள்ளூர் கிளப்பில் பயிற்சியாளர். பதினொரு வயதுவாக்கில் ஹனோவர் 96 இளையோர் அணிக்குப் போனார். பதின்ம வயதில் உடம்பு கிடுகிடுவென்று உயர்ந்துகொண்டே போனதில் முழங்கால் வலி வந்து நீண்ட நாள் ஆடாமல் இருக்க வேண்டியிருந்தது. இந்தப் பையன் தொழில்முறை ஆட்டக்காரனாக வருவான் என்று யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, வீட்டிலும் அந்த நெருக்கடி இல்லை. இது முக்கியம். குழந்தையிலேயே நட்சத்திரமாகப் பேசப்பட்டு வளர்ந்தவர் கிடையாது. ரால்ஃப் ரங்னிக் பயிற்சியாளராக இருந்த 2003-04 பருவத்தில் ஜெர்மனியின் முதல் பிரிவு லீக்கான பண்டஸ்லீகாவில் இறக்கப்பட்டார், அடுத்த வருடம் 2004 அக்டோபரில் தெஹ்ரானில் ஈரானுக்கு எதிராக ஜெர்மனி சட்டை. அப்போது அவருக்கு 20 வயது. நடுவில், ராணுவச் சேவைக்குப் பதிலாகச் செய்யவேண்டிய பொதுச் சேவையை ஒரு மனநல மருத்துவமனையில் செய்தார். பட்டென்சனிலிருந்து தேசிய அணிக்கு ஒரு வருடத்துக்குள் தூக்கிப்போட்ட மாதிரி வந்து சேர்ந்தார், அந்த வேகத்துக்கு மனசைத் தயார்படுத்த யாருக்கும் நேரமும் இல்லை, அது தேவை என்ற எண்ணமும் இல்லை.

2006 உலகக் கோப்பை சொந்த மண்ணில். அதற்கு மூன்று மாதம் முன்னால், மார்ச் 1 அன்று ஃப்ளாரன்ஸில் இத்தாலியிடம் 4-1 என்று தோற்றார்கள். நாடே பயிற்சியாளர் யூர்கன் கிளின்ஸ்மன் மேல் பாய்ந்தது, பாய்ந்ததில் பாதி அந்த அனுபவமில்லாத தற்காப்பு வரிசை மேல், அதன் நடுவில் 21 வயது மெர்ட்டசாக்கர். பிறகு கோடை வந்தது, கொடிகள் பறந்தன, ஜெர்மனி ஒவ்வொரு கட்டமாகத் தாண்டியது, ஜூலை 4 அன்று டார்ட்மண்டில் அரையிறுதி, எதிரில் அதே இத்தாலி. 118 நிமிடம் கோல் இல்லை. 119-வது நிமிடத்தில் கிரோஸோ அடித்தார், கடைசி மூச்சில் டெல் பியரோ இரண்டாவதை அடித்தார். ஜெர்மனி முழுக்க அழுத இரவு அது. பன்னிரண்டு வருடம் கழித்து அந்தப் பேட்டியில் மெர்ட்டசாக்கர் சொன்னார்: ஏமாற்றம் இருந்தது உண்மை, ஆனால் அதற்கு மேலே ஒரு நிம்மதி இருந்தது, அப்பாடா முடிந்தது என்ற நிம்மதி.

இந்த ஒரு வரிக்காக அவரைத் திட்டியவர்கள் நிறைய. நாட்டுக்காக ஆடுகிறவன் தோல்வியில் நிம்மதி அடைவானா என்று. நான் அந்த ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் அவர் ஒரு தடவைகூட ஒதுங்கி நின்றதாகத் தெரியவில்லை. ஒதுங்கியிருந்தால் அந்த நிம்மதிக்கே அர்த்தம் இல்லையே, முழுச் சுமையையும் தலையில் வைத்திருந்தவனுக்குத்தான் இறக்கி வைத்ததும் கழுத்து லேசாகும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். அவர் மெதுவானவர் என்பது பொய் இல்லை. திறந்த வெளியில் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடுகிற எந்த ஸ்ட்ரைக்கரும் அவரைத் தாண்டிவிடுவார், திரும்பி ஓடுவதற்குள் அந்த நீளமான உடம்புக்கு ஒரு நொடி கூடுதலாக வேண்டும். ஆகவே ஓட வேண்டிய நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய தொழில். பந்து எதிரணி நடுக்களத்தில் இருக்கும்போதே இவர் இரண்டு அடி பின்வாங்கியிருப்பார், அல்லது ஸ்ட்ரைக்கருக்கும் கோலுக்கும் நடுவில் உள்ள கோட்டில் போய் நின்றிருப்பார், பாஸ் வரும்போது பார்த்தால் கால் அங்கே தயாராக இருக்கும். தரையில் சறுக்கி விழுந்து டேக்கிள் போடுவது அவருக்குக் கடைசி வழி. அந்த உயரத்தில் ஒரு சென்டர் பேக் இவ்வளவு குறைவாக ஃபவுல் செய்து, இவ்வளவு குறைவாக மஞ்சள் அட்டை வாங்கி ஆடியது அபூர்வம். டிவியில் பார்க்கும்போது இதெல்லாம் கண்ணில் படாது, கேமரா பந்தின் பின்னாலேயே போகும். அவர் வேலை பந்து வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பந்தை விட்டுவிட்டு இவரை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியும், தொண்ணூறு நிமிடமும் தலை இடதும் வலதும் திரும்பிக்கொண்டே இருக்கும், கை யாருக்காவது இடம் காட்டிக்கொண்டே இருக்கும், வாய் மூடாது.

இப்படி ஆடுவதற்கு மூளை எப்போதும் அடுத்த கெட்டதைக் கற்பனை செய்துகொண்டிருக்க வேண்டும். அவன் அங்கே ஓடினால்? பந்து இங்கே எகிறினால்? பக்கத்தில் இருப்பவன் வழுக்கினால்? இதே கேள்விகள் முந்தின ராத்திரி படுக்கையிலும் காலை சாப்பாட்டு மேசையிலும் கேட்டுக்கொண்டிருந்தால் வயிறு என்ன செய்யும்? மருத்துவ ரீதியாக இதை நிரூபிக்க எனக்குத் தகுதி இல்லை, ஆட்டம் பார்க்கிறவனாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வேகமானவர்களுக்குத் தப்பு செய்துவிட்டு ஓடிப்போய்ச் சரிசெய்யும் வசதி உண்டு. இவருக்கு அது இல்லை. ஒரு தப்பு என்றால் அது கோல்தான், அந்த நினைப்போடு ஒவ்வொரு வாரமும் களத்தில் இறங்கினார்.

2006-ல் வெர்டர் பிரெமன் கிளப்புக்குப் போனார், தாமஸ் ஷாஃப் பயிற்றுவித்த அணி, ஐந்து பருவம், 2009-ல் ஜெர்மன் கோப்பை. அந்த வருடங்களை நான் வேகமாகத் தாண்டுகிறேன், ஒரு சம்பவத்தைத் தவிர. 2009 நவம்பர் 10 அன்று ராபர்ட் என்கே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹனோவர் 96-இன் கோல்கீப்பர், வயது 32, அடுத்த உலகக் கோப்பையில் ஜெர்மனியின் முதல் கோல்கீப்பராக இருப்பார் என்று பேசப்பட்டவர். பல வருடமாக மனச்சோர்வு நோயோடு போராடியிருக்கிறார், வெளியே தெரிந்தால் கால்பந்து போய்விடும், தத்தெடுத்த குழந்தையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் மறைத்தே வைத்திருந்தார். மெர்ட்டசாக்கர் ஹனோவரில் அவரோடு ஆடியவர், நண்பர். சிலிக்கு எதிரான ஆட்டம் ரத்தானது, ஹனோவர் ஸ்டேடியத்தில் சவப்பெட்டியை நடுவில் வைத்து ஆயிரக்கணக்கானவர்கள் அஞ்சலி செலுத்தினார்கள், கால்பந்து மட்டுமே எல்லாம் இல்லை என்று ஜெர்மன் கால்பந்து சங்கத் தலைவர் பேசினார். நவம்பர் 18 அன்று ஜெர்மனி ஐவரி கோஸ்டுக்கு எதிராக மறுபடி களத்தில் இருந்தது. எட்டு நாள்.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த எட்டு நாளை மெர்ட்டசாக்கரின் இடத்திலிருந்து நினைத்துப் பாருங்கள். சொல்லாமல் மறைத்த நண்பன் செத்துப்போனான், நாடே இனிமேல் பேசுவோம் என்று சொன்னது, அப்புறம் அட்டவணை தொடர்ந்தது. அவருடைய குமட்டல் அப்போதும் இருந்தது, அதற்குப் பிறகும் எட்டு வருடத்துக்கு மேல் வெளியே சொல்லாமல்தான் இருந்தார்.

2011 ஆகஸ்ட் 28-ல் ஆர்சனல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்று தோற்றது. மூன்று நாள் கழித்து, கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கும் காலம் மூடும் கடைசி நாளில், ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் மெர்ட்டசாக்கரையும் மிகேல் ஆர்டேட்டாவையும் ஒன்றாக வாங்கினார். இங்கிலாந்து அவரை அன்பாக வரவேற்கவில்லை. வேகமே மதமாக இருக்கிற லீக் அது. முதல் பருவமே 2012 பிப்ரவரியில் சண்டர்லாந்து மைதானத்தில் கணுக்கால் திரும்பி முடிந்தது, ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான 2012 யூரோவில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, இடம் இன்னொரு டிஃபெண்டரான ஹம்மல்ஸுக்குப் போயிருந்தது. இந்த இடத்தில் பலருடைய வாழ்க்கை சரிந்திருக்கும். இவருக்கு ஜோடி டிஃபெண்டராக லோரன்ட் கோசியல்னி கிடைத்தார். கோசியல்னி பாய்வார், இவர் பின்னால் நின்று வாசிப்பார். 2013-14 பருவத்தில் அந்த ஜோடி ஆடிய ஆட்டம் ஆர்சனல் ரசிகர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும், அணி நீண்ட நாள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது.

அதே பருவத்தில்தான் தோல்விகளும், மான்செஸ்டர் சிட்டியிடம் 6-3, லிவர்பூலிடம் 5-1, செல்சியிடம் 6-0. இதையும் சொல்லியாக வேண்டும். தற்காப்பு வரிசையை மேலே ஏற்றி வைத்து, நடுக்களம் திறந்துவிட்டால், பின்னால் உள்ள வெளியை மூட அவரிடம் கால் இல்லை. அவர் முன்கூட்டிப் பார்ப்பதற்கு முன்னால் இருப்பவர்கள் அந்த இரண்டு நொடியை வாங்கித் தர வேண்டும், அது இல்லாத நாளில் அவர் நிராயுதபாணி. சிட்டி ஆட்டம் முடிந்ததும் ரசிகர்களுக்குக் கை தட்டாமல் உள்ளே போன சக ஆட்டக்காரர் மெசூட் ஓசிலைப் பார்த்து அத்தனை கேமராவுக்கும் முன்னால் கத்தினாரே, அந்த மனிதர்தான் உள்ளுக்குள் இப்படி நடுங்கிக்கொண்டிருந்தார் என்பதை இப்போது சேர்த்து யோசித்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அணிக்குள் அபராதம் வசூலிக்கிற பொறுப்பும் அவரிடம்தான்.

2014 ஏப்ரலில் வெம்ப்ளியில் விகன் அணியோடு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. ஒன்பது வருடம் கோப்பையே வெல்லாத ஆர்சனல், கீழ்ப்பிரிவு எதிரணி, தோற்றால் நாடே சிரிக்கும். 63-வது நிமிடத்தில் இவர் ஆளை வீழ்த்தினார், பெனால்டி, கோல். அவர் வாழ்நாள் முழுக்கக் கற்பனை செய்து பயந்த காட்சி அதேதான். 82-வது நிமிடத்தில் எதிரணிப் பெட்டிக்குள் போய் அவரே தலையால் முட்டிச் சமன் செய்தார், பெனால்டி ஷூட் அவுட்டில் ஆர்சனல் ஜெயித்தது, மே மாதம் கோப்பையும் வந்தது.

அந்தக் கோடையில் உலகக் கோப்பைக்குப் பிரேசில் போனார். காலிறுதிக்கு முந்தைய சுற்றில் அல்ஜீரியாவோடு கூடுதல் நேரம் வரை இழுத்து 2-1. உடனே மைக் நீட்டிய டிவி நிருபர் ஏன் இவ்வளவு தடுமாற்றம் என்று கேட்டபோது, இவர் பொறுமை இழந்து, என்னிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும், கடைசி 16-ல் வருவது என்ன கேளிக்கைக் கூட்டமா, நான் போய் மூன்று நாள் ஐஸ் தொட்டியில் படுக்கப்போகிறேன் என்று சொன்னது ஜெர்மனியில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் ரசித்தார்கள். நானும் ரசித்தேன். இப்போது கேட்டால் அது களைத்துப்போன ஒருவரின் உண்மையான குரல். அடுத்த ஆட்டத்திலேயே ஜெர்மனி பயிற்சியாளர் யோவாகிம் லோவ் அவரை பெஞ்சுக்கு அனுப்பினார். முகம் சுளிக்கவில்லை. பிரேசிலை 7-1 என்று நொறுக்கிய நாளில் இரண்டாம் பாதி ஆடினார், இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் ஓசிலுக்குப் பதிலாக உள்ளே வந்து, உயரமான பந்துகளைத் தலையால் தட்டிவிடும் வேலையைச் செய்துவிட்டு உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த மாதமே தேசிய அணியிலிருந்து ஓய்வு. வயது 29.

பேட்டியில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி காயங்களைப் பற்றியது. ஓய்வு வேண்டும் என்று கேட்க முடியாத தொழிலில், யாரும் கேள்வி கேட்காத ஒரே விடுமுறை காயம்தான் என்பதாகச் சொல்கிறார். பெஞ்சில் உட்காருவது பிடித்தது, பார்வையாளர் வரிசை இன்னும் பிடித்தது என்கிறார். 2016 கோடையில் ஆர்சனலின் கேப்டன் ஆன கையோடு முழங்கால் போனது, 2016-17 லீக் பருவத்தில் அவர் ஆடியது கடைசி நாளில் எவர்ட்டனுக்கு எதிராக, மாற்று ஆட்டக்காரராக வந்த ஒரே ஆட்டம். அதிலும் கோசியல்னிக்குச் சிவப்பு அட்டை, கேப்ரியலுக்குக் காயம்.

ஆறு நாள் கழித்து, 2017 மே 27, வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி. எதிரணி செல்சி, லீக் சாம்பியன், 93 புள்ளி. கோசியல்னி தடையில், கேப்ரியல் காயத்தில், முஸ்தஃபியும் ஆட முடியாத நிலை. ஒரு வருடத்துக்கு மேல் தொடக்க வரிசையில் இறங்காத 32 வயதுக்காரர், அணிக்குப் புதிதான மூன்று டிஃபெண்டர் அமைப்பின் நடுவில், ஒரு பக்கம் 21 வயது ராப் ஹோல்டிங், மறுபக்கம் நாச்சோ மொன்ரியால், எதிரே டியேகோ கோஸ்டாவும் ஏடன் ஹசார்டும். இதைவிட மோசமான சூழ்நிலையை அவருடைய கற்பனையே அமைத்திருக்காது.

அன்று அவர் ஆடியது அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆட்டம் என்று நான் நம்புகிறேன். கோஸ்டா திரும்ப நினைக்கும்போதெல்லாம் அந்த நீளமான கால் ஏற்கெனவே அங்கே இருந்தது. ஹோல்டிங்கை ஒவ்வொரு நிமிடமும் பேசிப் பேசி நகர்த்தினார். மூன்று பேர் வரிசை என்பதால் பக்கவாட்டு வெளியை மற்ற இருவரும் மூடினார்கள், அவர் நடுவில் நின்று வாசிக்கும் வேலையை மட்டும் செய்தால் போதும். ஆறு வருடம் இங்கிலாந்தில் ஆடியும் அப்படி ஓர் அமைப்பு அதுவரை கிடைக்கவில்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. ஒரு கோல் முன்னால் இருந்த ஆர்சனலுக்கு எதிராக 76-வது நிமிடத்தில் கோஸ்டா ஒன்று அடித்தார், மூன்று நிமிடத்தில் ஆர்சனலின் ராம்சி பதில் கொடுத்தார், 2-1. வெங்கருக்கு ஏழாவது எஃப்.ஏ. கோப்பை.

அடுத்த பருவத்தின் முடிவில் ஓய்வு என்று அறிவித்தார், ஆர்சனல் இளையோர் அகாடமியின் தலைமைப் பொறுப்பு அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்தப் பேட்டி வந்தது. லோதர் மத்தேயஸ் கடுமையாகப் பேசினார், இப்படிச் சொன்ன பிறகு இளைஞர்களுக்குத் தொழில்முறை ஒழுக்கத்தை எப்படிக் கற்றுத் தரப்போகிறார் என்பது அவருடைய கேள்வி. மத்தேயஸ் 1990-ல் கோப்பையைத் தூக்கிய கேப்டன், அவர் வார்த்தைக்கு ஜெர்மனியில் எடை உண்டு. ஆனால் இதில் அவர் முழுக்கத் தவறு என்பது என் தீர்மானம். 500 தடவை குமட்டலை விழுங்கிவிட்டு 500 தடவையும் கோட்டைத் தாண்டி உள்ளே போனவருக்கு ஒழுக்கத்தைப் பற்றி யார் பாடம் எடுப்பது? அதே பேட்டியில் இன்னொன்றும் சொல்கிறார், மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் இத்தனை வாந்தியோடும் சிகிச்சையோடும் எல்லாவற்றையும் திரும்பச் செய்வேன் என்று. தலைப்புச் செய்திகளில் அந்த வரிக்கு இடம் கிடைக்கவில்லை.

2018 கோடையில் லண்டனில் உள்ள ஹேல் எண்ட், அதாவது ஆர்சனலின் இளையோர் அகாடமி, அவர் கைக்கு வந்தது. அங்கே வளர்ந்த புகாயோ சாக்கா அந்த வருடக் கடைசியில் முதன்முறையாக ஆர்சனல் முதல் அணிக்கு ஆடினார். அகாடமிக்கு வரும் பையன்களில் மிகச் சிலர்தான் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவார்கள் என்பதைப் பெற்றோரிடம் மறைக்காமல் பேசுவதும், படிப்பை விடாமல் பார்த்துக்கொள்வதும் அவருடைய பேச்சில் திரும்பத் திரும்ப வந்தன.

2022 செப்டம்பர் 18 அன்று பிரென்ட்ஃபோர்டில் ஆட்டம் முடியும் நேரத்தில் ஹேல் எண்ட் பையன் ஈதன் நுவானேரியை அப்போதைய ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்டேட்டா உள்ளே இறக்கினார். 2011-ல் மெர்ட்டசாக்கரோடு ஒரே நாளில் கையெழுத்திட்ட அதே ஆர்டேட்டா. பையனுக்கு வயது 15 வருடம் 181 நாள், பிரீமியர் லீக்கில் அதுவரை அவ்வளவு இளைய வயதில் யாரும் ஆடியதில்லை. கோட்டருகே நின்ற அந்த முகத்தில் சிரிப்புத்தான் தெரிந்தது. அவன் ஒருவேளை தலையைத் திருப்பியிருந்தால், அது எதற்கு என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் அந்தக் கிளப்பில் இருந்தார்.